மூன்று கட்டு விறகு

அரசாங்கப் பள்ளியில் டீச்சராக இருந்து பாருங்கள், பாடம் நடத்துவதைத் தவிர மற்ற எல்லா வேலையும் உங்கள் தலையில் விழும். வாக்காளர் பட்டியலா, கூப்பிடு டீச்சரை. மக்கள்தொகைக் கணக்கா, கூப்பிடு டீச்சரை. ரேஷன் அட்டையில் எத்தனை தலை இருக்கிறது என்று எண்ண வேண்டுமா, அதற்கும் நாங்கள்தான். எனக்கு வீடு சின்ன காஞ்சிபுரத்தில், பள்ளிக்கூடம் பிள்ளையார்பாளையத்தில். இருபது வருஷத்தில் அந்தத் தெருக்களில் நான் ஏறாத வாசற்படி இல்லை. எந்த வீட்டில் எத்தனை தறி ஓடுகிறது, எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதுவரை எனக்கு அத்துப்படி. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

செல்போன் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்த வருஷங்கள் அவை. ஒரு கோடையில், பரீட்சை முடிந்து மூச்சு விடுவதற்குள், புதிதாக ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். வீட்டில், தொழிலில் எவ்வளவு விறகு எரிகிறது, மண்ணெண்ணெய் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, வண்டி உண்டா, குப்பையைக் கொளுத்துகிறீர்களா என்று இரண்டு பக்கத்துக்குக் கேள்விகள். அதை விளக்க சென்னையிலிருந்து ஓர் இளம் இன்ஜினியர் வந்திருந்தார். திட்டம் எழுதிக் கொடுக்கும் ஏதோ ஒரு தனியார் அலுவலகத்துக்காரர். பூமி சூடாகிக்கொண்டே வருகிறது, அதற்குக் காரணமான வாயுக்களை ஒவ்வொரு நகரமும் குறைத்தாக வேண்டும், காஞ்சிபுரம் எவ்வளவு வெளியே விடுகிறது என்று முதலில் கணக்கெடுத்து, பிறகு எதை எப்படிக் குறைப்பது என்று திட்டம் போடப் போகிறோம் என்று ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொன்னார். பாவம், நல்ல பிள்ளை. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் பாதி காதில் விழுந்தது, விழுந்ததில் கால்வாசிகூட மண்டையில் ஏறவில்லை.

விறகு, மண்ணெண்ணெய் என்று படிவத்தில் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். ஏதோ கொடுக்கப் போகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். "உனக்கு எவ்வளவு செலவாகிறது?" என்று அரசாங்கம் கேட்டால், அதில் பாதிதான் கிடைக்கும். ஐந்து வேண்டும் என்றால் பத்து சொல்ல வேண்டும். இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. துணி சுருங்கும் என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் பெரிதாகத் தைக்கச் சொல்வதில்லையா, அந்த மாதிரி. மண்ணெண்ணெய் கணக்கெடுத்த காலத்தில் நானே எத்தனையோ வீடுகளில், "கொஞ்சம் கூட்டியே சொல்லுங்க" என்று கண்ணைக் காட்டியிருக்கிறேன். அதனால் நாலு வீட்டில் அரை லிட்டர் கூடுதலாக எரிந்தது, என்னை வாழ்த்தினார்கள்.

சாயம் போடும் தெருவில் முதல் வீடு ஓர் அக்காவுடையது. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவதுதான் அவளுக்குத் தொழில். முன்பு புருஷனும் பெண்டாட்டியுமாகச் செய்தது. ஒரு நாள் அவர் கொதிக்கும் கொப்பரையை இறக்கும்போது வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிந்து, நடுக்கட்டில் கட்டிலோடு படுத்துவிட்டார். அதன் பிறகு அவள் ஒருத்திதான். பின்கட்டில் அடுப்பு, அதன் மேல் தாமிரக் கொப்பரை. அங்கிருந்து கட்டிலுக்குப் பத்தடி. சாயத்தில் நூலை முக்கிவிட்டு ஓடி வந்து அவரைத் திருப்பிப் படுக்க வைப்பாள், தண்ணீர் கொடுப்பாள், மறுபடி கொப்பரைக்கு ஓடுவாள். அவள் நடக்கிறாளா ஓடுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியாது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு விறகு எரியுது அக்கா?" என்று கேட்டேன்.

"ஒரு கட்டு டீச்சர்."

"தினமுமா?"

"தினமும் ஒரு கட்டுதான். மேல ஒரு சுள்ளி போவாது."

நான் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தேன். "ஒண்ணுன்னு எழுதினா அரைக்கட்டுக்குத்தான் ஏதாச்சும் குடுப்பாங்க. மூணுன்னு போடறேன்."

"இன்னாத்துக்கு? ஒண்ணுதான எரிக்கிறேன்?"

"நீங்க சும்மா இருங்க அக்கா. இந்த மாதிரி நான் எத்தனை ஃபாரம் பார்த்திருக்கேன்."

அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து அவர், "ஏம்மே" என்று கூப்பிட்டார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "எழுதறவ நீ. உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நான் மூன்று என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். நல்ல காரியம் செய்த திருப்தியில் அவர்கள் வீட்டுப் பானைத் தண்ணீரை ஒரு சொம்பு குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த வீட்டுக்காரர் வாசலிலேயே மடக்கினார். "அந்தம்மா எவ்ளோ சொல்லிச்சு?"

"மூணு."

"அவங்களே மூணா? அவங்கதான் தெருவுலயே சிக்கனம். அப்ப எனக்கு அஞ்சு போடுமா."

அதற்கடுத்த வீட்டில் ஆறு. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க முடித்துவிட்டேன். காகிதத்திலேயே ஒரு காட்டை எரித்து முடித்திருந்தேன். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள். தாராளம் என்னுடையது, விறகு அவர்களுடையது.

பிறகு பள்ளி திறந்தது, நான் அதை மறந்தும் போனேன்.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலையில், வரைவுத் திட்டத்தை ஊர் மக்கள் முன்னால் படித்துக் காட்டப் போகிறோம் என்று ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கணக்கெடுத்த டீச்சர்களுக்கு முன்வரிசை. சாயக்காரர்கள் பின்னால் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள், ஏதோ அறிவிக்கப் போகிறார்கள் என்ற முகத்தோடு. அந்த அக்காவும் வந்திருந்தாள். புருஷனுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு வைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரு மணி நேரத்தில் திரும்ப வேண்டும் என்று கதவோரமாகவே நின்றாள்.

இன்ஜினியர் திரையில் ஒரு வட்டம் காட்டினார். வடையைப் பிய்த்த மாதிரி துண்டு துண்டாக, துண்டுக்கு ஒரு நிறம். ஊர் விடும் வாயுவில் யார் பங்கு எவ்வளவு என்று அதில் தெரியும் என்றார். எல்லாவற்றிலும் பெரிய துண்டு சிவப்பாக இருந்தது. "அரக்கு சரியா ஏறல" என்று பின்னாலிருந்து ஒரு சாயக்காரர் முணுமுணுக்க, அவர்கள் சிரித்தார்கள்.

"இது பிள்ளையார்பாளையம் சாய அடுப்புகள்" என்றார் இன்ஜினியர்.

சிரிப்பு நின்றது. நான் எழுதிய மூன்றும் ஐந்தும் ஆறும்தான் அந்தச் சிவப்பு.

அவர் மேலே சொல்லிக்கொண்டே போனார். தெருவிளக்குகளுக்குத் தானாக அணையும் கருவி. குப்பைமேட்டில் நெருப்பு வைக்கத் தடை. சைக்கிளுக்குத் தனி வழி. எல்லாவற்றுக்கும் முதலாக, எல்லாவற்றிலும் முக்கியமாக, வீடுகளில் இருக்கும் சாய அடுப்புகளை மொத்தமாக நிறுத்திவிட்டு, ஊருக்கு வெளியே, தென்னேரி போகும் வழியில் ஒரு பொதுச் சாயக்கூடம். ஒரே பெரிய பாய்லர், எல்லோருக்கும் வெந்நீர். காலையில் வேன் வந்து கூட்டிப்போகும். இன்னும் இரண்டு வாரத்தில் நகர மன்றத்தில் வைத்து முடிவு செய்துவிடுவார்கள். மண்டபத்தில் பாதிப்பேர் கைதட்டினார்கள். தப்பு சொல்ல முடியாது, புகையில் கண் எரிந்தவர்கள்தான் அவர்களும்.

கதவோரத்திலிருந்து அந்த அக்கா கையைத் தூக்கினாள். முழங்கை வரை மஞ்சளும் சிவப்புமாகச் சாயம்.

"மத்தியானம் ஒருவாட்டி வீட்டுக்கு வந்துட்டுப் போவ முடியுமா சார்?"

"வேன் சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பும் அம்மா" என்றார் அவர் பணிவாக. "நடுவுல கஷ்டம்."

அவள் முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையைப் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். என் கையால் பிடித்த குரங்கு அன்றைக்குத் திரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்து இளித்தது.

அன்று மத்தியானமே அவள் வீட்டுக்குப் போனேன். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன்."

"நான் ஒண்ணுன்னேன்" என்றாள் கிண்ணத்தைப் பார்த்தபடி. "காலைல ஏழு மணிக்கு ஏறிப் போயி ராவுல வந்தா, இவரு யாரைக் கூப்பிடுவாரு? நீ வருவியா டீச்சர்?"

கட்டிலில் இருந்தவர், "உடும்மே, அவங்க இன்னா வேணும்னேவா செஞ்சாங்க" என்றார். அவர் எனக்காகப் பேசியதுதான் தாங்க முடியவில்லை. தெருவில் இறங்கி, நடந்துகொண்டே அழுதேன். நாற்பது வயதுக்கு மேல் தெருவில் அழுதது அன்றைக்கு மட்டும்தான்.

அதற்குள் தெருவில் மற்ற சாயக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஐந்து சொன்னவர், "அரைக்கட்டுன்னு மாத்திக்கோமா" என்றார். ஆறு சொன்னவர் ஒருபடி மேலே போய், "நான் எங்க விறகு எரிக்கிறேன்? தேங்கா மட்டைதான், அதுவும் எப்பயாச்சும்" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு விறகு அடுக்கியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் யாரிடம் கோபப்படுவது? கூட்டிச் சொல்லக் கற்றுக்கொடுத்த வாத்தியாரே நான்தானே!

எங்கள் தலைமை ஆசிரியை நல்லவர், பயந்தவர். "ஒவ்வொரு ஃபாரத்துலயும் உங்க கையெழுத்து இருக்கு. நீங்களா போய் வாயைக் குடுத்தா மெமோ வரும். யாரும் கேக்கலியே, கம்முனு இருங்க" என்றார். இரண்டு நாள் கம்மென்று இருந்தும் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் டெலிபோன் பூத்தில் நின்று சென்னைக்குப் போன் போட்டேன்.

இன்ஜினியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மேடம், அன்னைக்கு மூணுன்னு எழுதினீங்க. இன்னைக்கு ஒண்ணுங்கறீங்க. நான் எதை நம்பறது?"

சட்டென்று சுட்டது. ஆனால் அவர் கேட்டது நியாயம்.

"யாரையும் நம்ப வேணாம் சார். விறகைத் தராசுல நிறுத்துடலாம்" என்றேன்.

நகர மன்றக் கூட்டத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. பழைய பேப்பர் கடைக்காரரிடம் கொக்கித் தராசை இரவல் வாங்கினேன். அரையாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் எனக்கு மத்தியானம் மட்டும்தான் பள்ளி. காலையில் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் விறகை நிறுப்பது, சாயங்காலம் மிச்சத்தை நிறுப்பது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எரிந்தது. ஒரு வாரம், தெரு முழுக்க. மூன்றாம் நாள் இன்ஜினியரே பஸ் பிடித்து வந்து, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கூட நின்றார். விறகு தூக்கிப் பழக்கமில்லாமல் கையெல்லாம் முள். "வேலிக்காத்தான் சார் அது, மெதுவா" என்று தெருவே அவருக்குப் பாடம் எடுத்தது.

தேங்காய் மட்டைக்காரர் கடைசிவரை சும்மா இருக்கவில்லை. நிறுக்கும்போது விறகு குறைவாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்தால், கட்டிலுக்கு அடியில் ஒரு கட்டு, போர்வை போர்த்திப் படுத்திருந்தது.

"இது யாருப்பா, வீட்டுக்கு விருந்தாளியா?" என்றேன்.

அவர் பெண்டாட்டியே முதலில் சிரித்துவிட்டாள். அவரும் தலையைச் சொறிந்துகொண்டே அதை வெளியே இழுத்துப் போட்டார். "எழுதிக்கோமா. இதும் எரியறதுதான்."

அக்கா வீட்டுத் தராசில் ஒரு வாரமும் ஒரே கணக்கு. ஒரு கட்டு. ஒரு சுள்ளி அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. இன்ஜினியரால் நம்ப முடியவில்லை. பக்கத்து வீட்டில் அதே அளவு நூலுக்கு இரண்டு கட்டு எரிகிறதே, இவளுக்கு மட்டும் எப்படி? ஒரு காலை முழுக்க அவள் பின்கட்டில் உட்கார்ந்து பார்த்தோம். மற்றவர்கள் எந்த ஆர்டர் முதலில் வந்ததோ அந்த நிறத்தை முதலில் போடுவார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் கொப்பரையைக் கவிழ்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி கொதிக்க வைக்க வேண்டும். அவள் அன்றைய நூலையெல்லாம் வெளிறியதிலிருந்து அடர்த்திக்கு வரிசையாகக் கொடியில் மாட்டிவிடுகிறாள். முதலில் எலுமிச்சை மஞ்சள், பிறகு மாம்பழ மஞ்சள், பிறகு ஆரஞ்சு, கடைசியில் அரக்கு. கொதித்த தண்ணீர் கொட்டப்படுவதே இல்லை. அதே தண்ணீரில் அடுத்த சாயம், அவ்வளவுதான்.

"இது யார் சொல்லிக் குடுத்தது உங்களுக்கு?" என்றார் இன்ஜினியர்.

"யாரு சொல்லணும்? புதுசா தண்ணி கொதிக்கிற வரைக்கும் ஆவற நேரத்துல நான் இவர அஞ்சுவாட்டி பார்த்துக்கினு வந்துடுவேனே" என்றாள். அதற்குள் உள்ளேயிருந்து குரல் வர, எழுந்து ஓடினாள். இன்ஜினியர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நடுக்கட்டுப் பக்கம் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு மண்டபத்தில் அவள் கேட்ட கேள்வி புரிந்திருக்க வேண்டும்.

நகர மன்றக் கூட்டத்துக்கு முந்தின நாள், மறுபடியும் அதே மண்டபம். மேடை ஏறுவதற்கு முன்பாகவே இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க பேச வேண்டாம் மேடம், கணக்குல திருத்தம்னு நானே சொல்லிடறேன்" என்றார். வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். மைக் முன்னால் போய் நின்றேன்.

"படிவத்துல இருந்த விறகுக் கணக்கு தப்பு. அவங்க சொன்னதை நான் எழுதலை. ஏதோ குடுக்கப் போறாங்கன்னு நினைச்சு, நானா ஏத்தி எழுதினேன். முதல் வீட்டுல ஒண்ணுன்னு சொன்னாங்க, மூணுன்னு போட்டேன். அதைப் பார்த்துத்தான் மத்தவங்களும் ஏத்திச் சொன்னாங்க" என்றேன். யாரோ உச்சுக் கொட்டினார்கள். யாரோ, "டீச்சரே இப்படின்னா" என்றார்கள். கேட்டுக்கொண்டேன்.

இன்ஜினியர் புது வட்டத்தைத் திரையில் போட்டார். சிவப்புத் துண்டு சுருங்கிக் கிடந்தது. பெரிய துண்டு இப்போது நீலம். ஓரிக்கையில் பாலாற்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள் இழுக்கும் மின்சாரம். அதற்கடுத்தது தெருவிளக்கு.

"அடப்பாவி, நாம குடிக்கிற தண்ணிதான் இவ்ளோ புகை விடுதா!" என்று தேங்காய் மட்டைக்காரர் சத்தமாகச் சொல்ல, மண்டபமே சிரித்தது. இன்ஜினியரும் சிரித்துவிட்டார்.

பழைய மோட்டார்களை மாற்றுவது திட்டத்தில் முதல் பக்கத்துக்கு வந்தது. விடிந்த பிறகு தெருவிளக்கு எரியக்கூடாது என்பது இரண்டாவது. சாய அடுப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் அடியில் இரும்புக் கம்பித் தட்டும் மேலே புகைபோக்கியும் வைக்க வேண்டும் என்று ஆயிற்று. இன்னொரு வரியும் சேர்த்திருந்தார்: நிறங்களை வெளிறியதிலிருந்து அடர்த்திக்கு வரிசைப்படுத்தி, ஒரே கொதிநீரில் சாயமேற்றுதல். பொதுச் சாயக்கூடம், விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் என்று கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது. எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

அச்சான திட்டத்தை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போய், அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டாள். "சரி டீச்சர்" என்றாள். கொப்பரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் ஒரு வருஷம் அப்படித்தான் போயிற்று. தெருவில் எதிர்ப்பட்டால் தலையை ஆட்டுவாள், போய்விடுவாள். எனக்கு அது உறுத்தியது. ஆனால் போய்க் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

அடுத்த மார்கழியில் ஒரு நாள் பள்ளியில் இருக்கும்போது, அவள் புருஷன் போய்விட்டார் என்று சேதி வந்தது. அன்று கூட்டமாக இருந்ததால் தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் போனேன். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அடுப்பு அணைந்து கிடந்தது. பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தவள், பக்கத்தில் உட்காரும்படி கையைத் தட்டிக் காட்டினாள். அந்தக் கையில் அரக்குச் சாயம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

"அன்னைக்குக் கடைசி நிறம். அரக்குல கைய வுட்டிருந்தேன் டீச்சர்" என்றாள். "கூப்பிட்டாரு. போனேன். தண்ணி கேட்டாரு. கையக் கூட கழுவல, அப்படியே குடுத்தேன். குடிச்சாரு. என் கையப் புடிச்சிக்கினாரு."

அந்தக் கையை மடியில் வைத்துப் பார்த்தாள்.

"அந்த வேனு, எத்தினி மணிக்குத் திரும்பும்னு சொன்னாங்க டீச்சர்?"

"ஆறு மணிக்கு அக்கா."

"அவரு போனது மூணு மணிக்கு" என்றாள்.